ஆறு சாண்

காலிச் சவப்பெட்டி மூன்றாவது முறையும் திரும்பவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடை பாதி வழியில் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்கில் பெட்டியின் முன்பக்கம் சுவரில் இடித்து நின்றது. தூக்கி வந்த நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாய்த்துப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள், கடைசியில் நிமிர்த்தியும் பார்த்தார்கள். நிமிர்த்தியபோது மேலே பரண் இடித்தது.

"பரணைப் பாத்து" என்றாள் அவள்.

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் உள்ளே கிடக்கிறார், இவள் பரணுக்குக் கவலைப்படுகிறாளே என்று நினைத்திருப்பாள். நினைத்தால் தப்பும் இல்லை.

"அழுதுடும்மா. அழுதுட்டா பாரம் குறையும்" என்றாள் ஓரகத்தி, காலையிலிருந்து ஏழாவது முறையாக.

"அழறேன்க்கா" என்றாள் அவள், அடுப்பில் ஏதோ வைக்கச் சொன்னதற்குப் பதில் சொல்வது போல. ஆனால் அழுகை வரவில்லை. ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பேருக்கும் பால் வைத்துவிட்டு அவரை எழுப்பப் போனாள். தோளைத் தொட்டாள். அப்போது சில்லிட்ட கை இன்னும் சூடாகவில்லை. டாக்டர் ஏழு மணிக்கு வந்து, உயிர் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும், தூக்கத்திலேயே போயிருக்கிறது, கஷ்டப்பட்டிருக்கமாட்டார் என்றார். கஷ்டப்படவில்லை என்பதைக் கேட்டு எல்லாருக்கும் ஒரு ஆறுதல். அவள் போய் அடுப்பை அணைத்தாள். பால் அடிப்பிடித்துக் கறுப்பாகியிருந்தது. அந்தப் பாத்திரத்தை ஊறப்போட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

செத்துப்போனவர் மண்வீடு கட்டும் மேஸ்திரி. ஆறடி மூன்று அங்குலம். வேலை செய்யுமிடத்தில் எல்லாருக்கும் அவர் 'நெட்டை'தான். வீடு கட்டக் கொடுத்தவர்களே மரியாதையாக 'நெட்டை சார்' என்பார்கள். அவருடைய அண்ணன் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், அந்தக் குடும்பத்தின் இருபது வருஷச் சண்டையும் விளங்கிவிடும். "ஊரே என்கிட்ட வாங்குது. கூடப் பொறந்தவன் வீட்டுக்கு ஒரு மூட்டை விக்க முடியல" என்று பெரியவர் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு வாயோடு சரி.

அந்தப் பெரியவர்தான் இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையில் நின்றிருந்தார். "பெட்டி கூடத்துலயே இருக்கட்டும். ஆளைத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சுக்கலாம்" என்றார்.

நாலு பேர் உள்ளே போனார்கள். அவளும் பின்னால் போனாள். போகவேண்டாம் என்று ஓரகத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது, ஆனால் கால் போய்விட்டது.

மணி பதினொன்று. உடம்பு முழுக்க விறைத்திருந்தது. போர்வையோடு தூக்கி நடைக்குக் கொண்டுவந்தார்கள். தலை மடக்கைத் தாண்டியது, தோள் தாண்டியது, அதற்குமேல் கால் வரவில்லை. பலகையைத் திருப்புவது போல இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். "நிக்க வெச்சுப் பாரு" என்றது ஒரு குரல். நிற்க வைத்தார்கள். பரணின் அடிப்பலகையில் நெற்றி இடித்தது.

உயிரோடு இருந்தபோதும் அவர் அந்த இடத்தில் குனிந்துதான் போவார். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை குனிந்திருக்கிறார். பரண் வேண்டும் என்று கேட்டது அவள்தான். மெத்தை, போர்வை எல்லாம் எங்கே வைப்பது என்று கேட்டாள். "வெச்சா எனக்கு இடிக்குமே" என்றார். "குனிஞ்சு போங்க, தேஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அவ்வளவுதான், பரண் வந்துவிட்டது. நெட்டை கட்டிய வீட்டில் நெட்டையே குனிகிறான் என்று வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"கொஞ்சம் முட்டியை மடக்கினா வந்துடும்" என்றார் பெரியவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

மடக்குவது என்றால் என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"வேண்டாம் அத்தான். திரும்பக் கட்டில்ல படுக்க வெச்சிடுங்க" என்றாள் அவள்.

படுக்க வைத்தார்கள். நெற்றியில் பரண் பலகையின் தூசி ஒட்டியிருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடம் சிவக்கவில்லை. இடித்துக்கொண்டால் அவருக்கு உடனே சிவந்துவிடும். சிவக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடத்தில் பெரியவர் போன் பேசிக்கொண்டிருந்தார். "சுவர் அறுக்கற மிஷின்தான். ஆமா, உடனே. நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள எடுத்தாகணும்." போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நடையோட மூலையை அறுத்து எடுத்துடலாம். ஒரு மணி நேர வேலை. அப்புறமா நானே நல்ல சுவரா கட்டித் தர்றேன். நீயும் இனிமே இந்த மண்ணுக்குள்ள தனியா எதுக்கு? எங்களோட வந்துடு."

கட்டளையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் படுக்கையறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். வீம்பு பிடித்தவர்தான், தம்பிமேல் பாசம் இல்லாதவர் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். மேஸ்திரியிடம் பதினாறு வருஷம் மண் மிதித்தவர். மண்ணையும் வைக்கோலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்குவதுதான் அவர் வேலை. அதனால் பெயரே 'மிதி' என்று ஆகிவிட்டது.

"அந்த மூலையையா? ஐயா, ரெண்டு சுவரும் கூரையும் அந்த மூலை மேலதான் உக்காந்திருக்கு. அதுல மிஷின் வெச்சா பரண் வரும், பின்னாடியே கூரை வரும். அண்ணன் பெட்டிக்குள்ள போறதுக்கு முந்தி நாம போய் சேந்துடுவோம்" என்றார் மிதி.

"அப்ப ஜன்னல் பக்கம் அறுக்கலாம்."

"அங்கயும் அதே கதைதான். இது மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கி எழுப்பின சுவரு. ஒன்றரை அடி கனம். மேல தாங்க ஒண்ணும் இல்லாம நடுவுல ஓட்டை போட்டா, மேல இருக்கறது கீழ வந்துடும்."

"அப்ப என்னதாண்டா பண்ணச் சொல்ற? அவனை இப்படியே விட்டுடவா? தம்பி கட்டின வீடு தம்பியை வெளிய விடாதாம். நல்லாருக்கு!" பெரியவர் கத்தினார். அவர் கத்தியது சுவரைப் பார்த்துத்தான்.

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றிருந்தது. அதைச் சொன்னால் அவர் வெளியே வந்துவிடுவார், வீடும் நிற்கும். ஆனால் சொன்னால் அதைத் தொட்டுக்கொண்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பதினாலு வருஷமாக அந்த இன்னொன்றை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் சத்தம் போடாமல் ஒரு பொருளைச் சுற்றி நடப்பதுபோல இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தார்கள். இப்போது ஒருத்தர் இல்லை. மிச்சமிருக்கிறவள் சொல்லாவிட்டால் மிஷின் வந்துவிடும்.

"படுக்கையறையில ஒரு லிண்டல் இருக்கு" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்தாள்.

"மிதி அண்ணே, படுக்கையறைக் கிழக்குச் சுவருக்குள்ள ஒரு லிண்டல் இருக்கு. கட்டும்போதே மேல தாங்கறதுக்கு அவரு கட்டை வெச்சுட்டாரு. அதுக்குக் கீழ இடிச்ச மண்ணு இல்ல. சுடாத மண்கல்லு, வெறும் சேத்துல அடுக்கினது. பின்னாடி திறந்துக்கலாம்னு. அந்தப் பக்கம் வெட்டவெளிதானே."

மிதி அவளையே பார்த்தார். "எதுக்கு அண்ணி?"

"இன்னொரு ரூம் எடுக்கறதுக்கு."

"எதுக்கு இன்னொரு ரூம்? ரெண்டு பேருக்கு..." என்று பெரியவர் ஆரம்பித்தார். ஓரகத்தி அவர் கையை அழுத்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தது, சொல்லாமலேயே முடிந்துவிட்டது.

கிழக்குச் சுவரில் மர பீரோ இருந்தது. இரண்டாவது தடவை பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பிய மாதம், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவள் ஒருத்தியாகவே அதைத் தள்ளித் தள்ளி அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். அவர் சாயங்காலம் வந்து பார்த்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பீரோவைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை இழுத்து வைத்தார். "பின்னாடி காத்து போகணும். மண்சுவரு மூச்சு விடணும்ல" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

நாலு பேர் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் ஒரு பொட்டு ஈரமில்லாமல், பூசிய அன்றைக்கு இருந்த நிறத்தில் இருந்தது. கோடு, விரிசல், அடையாளம் எதுவும் இல்லை. அவர் பூசினால் அப்படித்தான்.

"எங்கேந்து எங்க வரைக்கும்? சுவரும் கல்லும் சேர்ற சந்து எங்கன்னு தெரியாம நான் கை வெக்கமாட்டேன்" என்றார் மிதி.

"ஜன்னல் ஓரத்துலேந்து ஆறு சாண். அங்க ஆரம்பிச்சு மூணடி அகலம்."

அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பூசி முடித்த அன்று அவளைக் கூப்பிட்டு, சுண்ணாம்புக் கையாலேயே அளந்து காட்டினார். 'ஆறு சாண். நான் மறந்தாலும் நீ மறந்துடாத.' அவள் ஜன்னல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று அளந்துகொண்டே போனாள். கட்டிலில் அவர் படுத்திருந்தார். அவரைத் தாண்டி, சுவரைத் தொட்டுத் தொட்டு, ஆறாவது சாணில் நிறுத்தி நகத்தால் கீறினாள்.

மிதி உளியால் பூச்சைச் சுரண்டினார். உள்ளே வரிவரியாக இடித்த மண், கருங்கல் மாதிரி. இரண்டு பக்கமும் கொஞ்சம் சுரண்டினார். கோடு போலக்கூடச் சந்து தெரியவில்லை.

"கல்லு இல்ல அண்ணி. இது முழுச் சுவரு."

"பாத்தியா" என்று பெரியவர் பெருமூச்சு விட்டார். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மிஷின்காரர் வந்துவிட்டார். "பாவம், அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? பத்தொன்பது வருஷம் ஆச்சு. விடும்மா. நீ போய் உக்காரு."

அவள் போய் உட்காரவில்லை. ஆறு சாண் என்பதில் சந்தேகமே இல்லை. தன் பெயர் மறந்தாலும் அது மறக்காது. அப்படியானால் எங்கே தப்பு? சுவரில் விரித்து வைத்த தன் கையையே பார்த்தாள். சின்னக் கை. கண்ணாடி வளையல்கூடக் குழந்தைகளுக்கான அளவில்தான் வாங்குவாள்.

ஆறு சாண்தான். ஆனால் அது அவர் சாண்.

அவர் டேப் வைத்துக்கொள்ளாதவர். வீடு மொத்தமும் அவர் கையால் அளந்து கட்டியது. கட்டில் உயரம் இரண்டு சாண், ஜன்னல் அகலம் இரண்டு சாண். 'என் கையை வெட்டிட்டா இந்த வீட்டுக்கு அளவே கிடையாது' என்று சிரிப்பார்.

அவள் கட்டில் பக்கம் போனாள். போர்வையை விலக்கி வலது கையை எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை. குனிந்து விரல்களைப் பிடித்தாள். தூக்கத்தில் மடங்கியபடியே விறைத்திருந்தன. கட்டைவிரலைப் பிரிக்கப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிரியும் என்று தோன்றியது. நகக்கண்ணில் நேற்றைய மண் இருந்தது. அறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மடக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே, நிமிர்த்த மட்டும் எனக்கு என்ன உரிமை என்று அவளுக்குத் தோன்றியது. போர்வையை இழுத்துக் கையை மூடினாள்.

பிறகு சமையலறைக்குப் போனாள். கொடிக்கயிறு ஒரு சுருள் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துச் சமையல் மேடையின் ஒரு முனையில் வைத்துப் பிடித்து, மறுமுனை வரை இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். பின்னாலேயே வந்த மிதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேடை பன்னெண்டு சாண். அவர் கையால" என்றாள்.

கயிற்றை நேர்பாதியாக மடித்தாள். அப்போதுதான் மிதிக்குப் புரிந்தது. நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனை, அவள் கீறிய இடத்தைத் தாண்டி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் போய் நின்றது. உளி பட்டவுடன் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே நெட்டுக்குத்தாக ஒரு சந்து. ஒரு பக்கம் இடித்து இறுக்கிய சுவர், மறுபக்கம் மண்கல்.

"அண்ணே!" என்றார் மிதி. அவர் கூப்பிட்டது பெரியவரை அல்ல.

மிஷின் தேவைப்படவில்லை. மிஷின்காரர் வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மிதி கோணியை நனைத்துச் சுவரில் ஒட்டி, ஊறவிட்டு, கடப்பாரை முனையால் நெம்பினார். முதல் கல் உடைந்தது. இரண்டாவதிலிருந்து கல் கல்லாக முழுசாகவே வந்தது. மேலிருந்து கீழே வந்தார்கள். லிண்டல் கட்டை இம்மியும் அசையாமல் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கல்லாக வாங்கி வெளியே அடுக்கினார். தம்பி வீட்டு மண்ணை அவர் கையால் தொடுவது அதுதான் முதல் தடவை. ஒரு கல்லைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு கல்லுகூட வளையல பாரேன். கழுதை" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

கிழக்குச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அறைக்குள் அதுவரை வந்ததில்லை. முதலில் ஒரு கல் அளவுக்கு வந்தது, பிறகு பெரிதானது. கட்டில் வரை எட்டியது.

கடைசி வரிசையை எடுக்கும்போது கடப்பாரை ணங்கென்று ஒலித்தது. மிதி கையால் மண்ணை வழித்தார். அடியில் ஒரு படிக்கல் பதிந்திருந்தது. ஓரம் மழுக்கி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்வு கொடுத்து, கால் இடறாத மாதிரி தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே.

"இது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியாது. லிண்டல் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மிதி இரண்டு பக்கச் சுவரையும் தடவிப் பார்த்தார். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு, மரக்கட்டைகள் சுவருக்குள் புதைந்திருந்தன. "கதவு நிலை மாட்டறதுக்கு. இடது பக்கம் கீல். தாப்பாளுக்குக்கூடக் கட்டை வெச்சிருக்காரு. எவ்வளவு கீழ வெச்சிருக்காரு பாருங்க. இடுப்பு உயரம்கூட இல்ல. குழந்தைங்களுக்கு எட்டற மாதிரி..." பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தியபிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோணியைப் பிழிய ஆரம்பித்தார்.

அவள் குனிந்து தாழ்ப்பாள் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இழைத்து, முனை மழுங்கத் தேய்த்திருந்தது. சுவருக்குள் போகிற கட்டையை யாரும் தேய்க்கமாட்டார்கள்.

நாலு மணிக்கு வண்டி வந்ததும் அவரை எடுத்தார்கள். பெட்டி வெளியிலிருந்து நேராக உள்ளே வந்தது, நேராகவே வெளியே போனது. யாரும் சாய்க்கவில்லை, திருப்பவில்லை. தூக்கியவர்கள்கூடக் குனியவில்லை. அவள் படிக்கல் வரை போனாள். அதை மிதிக்காமல் உள்ளேயே நின்று, வண்டி திரும்பும்வரை பார்த்தாள். ஓரகத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து பெரியவர் திரும்பி வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அறை காலியாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலை விட்டுவிட்டுப் புதுவழியாகவே உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார்கள். தரையெல்லாம் ஈரமண் கால்தடம்.

"நாளைக்கு ஆள் அனுப்பறேன்மா. அடைச்சிடலாம்" என்றார் பெரியவர். வெளியே அடுக்கியிருந்த கல்லைப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் வேணாம். அந்தக் கல்லையே திரும்ப அடுக்கச் சொல்றேன்" என்றார்.

"அடைக்க வேண்டாம் அத்தான்."

"பின்ன எப்படி? இப்படித் திறந்து கிடந்தா..."

அவள் நடைப் பக்கம் திரும்பினாள். சமையலறைக்குப் போய், அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், அங்கே கிடந்த கால்மிதியை எடுத்து உதறினாள். நடை வழியாகத்தான் வந்தாள். பரணுக்கு அடியில் வரும்போது, அவளுக்கு இடிக்காது என்றாலும், தலையைக் குனிந்துகொண்டாள்.

படிக்கல்லுக்கு வெளியே கால்மிதியைப் போட்டாள். கோணலாக விழுந்தது. காலால் தள்ளி நேராக்கினாள்.